அடியில் கையை விட்டுப் பாருங்கள்: நான்கு வகை வீல்சேர் குஷன்கள், ஒரே சோதனை

வீல்சேர் குஷன் வாங்கும்போது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "மெத்துன்னு இருக்கு" என்று எடுத்துக்கொண்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த விரல் சோதனை ஒன்றையும் சொல்லாது. மெத்தென்று இருக்கும் குஷன்தான் பல சமயம் முதலில் தரைதட்டும், அதாவது எலும்பு சீட்டில் முட்டும் அளவுக்கு நசுங்கிவிடும். ஆள் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகு, அவருடைய உட்காரும் எலும்புக்கும் நாற்காலியின் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு குஷன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலுறையின் பளபளப்பு, பெட்டியில் அச்சிட்ட வாசகம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துவந்தது என்ற தகவல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காற்றறை, ஜெல், ஃபோம், தேன்கூடு என்ற நான்கு வகைகளையும் இந்த ஒரே அளவுகோலை வைத்து இங்கே மதிப்பிடுகிறோம். உணர்ச்சி குறைந்தவர்கள், தானாக நகர்ந்து உட்கார முடியாதவர்கள், ஏற்கெனவே ஒரு முறை அழுத்தப் புண் (ஒரே இடத்தில் நெடுநேரம் எடை அழுத்துவதால் வரும் புண்) வந்து ஆறியவர்கள், இவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. அரை மணி நேரம் மட்டும் வீல்சேரில் உட்கார்ந்துவிட்டு எழுந்து நடப்பவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

4 செ.மீ. கணக்கு

உட்காரும்போது எடையில் பெரும்பங்கை இரண்டு எலும்பு முனைகள் வாங்கிக்கொள்கின்றன. புட்டத்தின் அடியில் இடமும் வலமுமாக, மடக்கிய விரலின் முட்டி போல உருண்டு நிற்பவை அவை. அவற்றுக்கு வெளிப்பக்கம், தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் இன்னொரு மேடு உண்டு. உட்கார்ந்த நிலையில் உட்காரும் எலும்புகள் அந்தத் தொடை மேடுகளைவிடச் சுமார் 4 செ.மீ. தாழ்வாக நிற்கும். எலும்பு முனைகள் அவ்வளவு ஆழம் குஷனுக்குள் அமிழ்ந்தால்தான் தொடையும் பக்கச் சதையும் எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படி அமிழ்ந்த பிறகும் எலும்புக்கு அடியில் 2.5 செ.மீ. அளவு அமுங்காத பகுதி மிச்சம் இருக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள்: தட்டையான குஷனாக இருந்தால் 6.5 செ.மீ. வருகிறது. வீல்சேரோடு இலவசமாக வரும் 5 செ.மீ. தட்டை ஃபோம் ஏன் தேறுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சதை எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கும்போது முதலில் கெடுவது எலும்பை ஒட்டிய ஆழப்பகுதி. தோலில் நிறம் மாறித் தெரியும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே நடந்திருக்கலாம். இதனால்தான் "தோல் நன்றாகத்தானே இருக்கிறது, குஷனை எதற்குச் சோதிக்க வேண்டும்" என்ற பேச்சை ஏற்க முடியாது.

விற்பனைக்காரர்கள் சொல்லும் ஒரு எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: 32 மி.மீ. பாதரசம். "எங்கள் குஷன் அழுத்தத்தை இதற்குக் கீழே வைக்கும்" என்பார்கள். 1930இல் யூஜீன் லாண்டிஸ் என்ற உடலியல் அறிஞர், விரல் நகத்தின் ஓரத் தோலில் உள்ள நுண்குழாய்களில் இரத்த அழுத்தத்தை அளந்தார். அங்கே தமனிப் பக்க முனையில் கிடைத்த சராசரிதான் இது. ஆரோக்கியமானவர்களின் விரலில் அளந்ததை வைத்து, உட்கார்ந்திருப்பவரின் புட்டத்துக்குப் பாதுகாப்பு எல்லை வகுக்க முடியாது. நல்ல குஷனிலும் உட்காரும் எலும்புக்கு அடியில் அழுத்தம் அந்த எண்ணைத் தாண்டுவது சாதாரணம். அந்த எண்ணைக் காட்டி விற்கும் பொருளை அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள்.

சோதிப்பது எப்படி

சோதனைக்கு முன் நாற்காலியைச் சரிசெய்யுங்கள். வழக்கமாகப் போடும் உடை, வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூ, கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டில், இடுப்பு பின்சாய்வில் முட்டும்படி உள்ளே தள்ளி. கை வைப்பவர் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்ற வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். மெல்லிய கையுறை போடலாம். தடித்த கையுறை போட்டால் எலும்பு தெரியாது. உட்கார்ந்திருப்பவரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இது அவருடைய உடம்பு.

உட்கார்ந்த உடனே பார்த்தால் போதாது. ஃபோமும் ஜெல்லும் எடையின் கீழ் மெல்ல மெல்லத்தான் இறங்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

ஃபோம், ஜெல், தேன்கூடு ஆகிய மூன்றுக்கும் கையை குஷனுக்கு அடியில், அதாவது குஷனுக்கும் சீட்டுக்கும் நடுவே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி பக்கவாட்டிலிருந்து நுழைக்க வேண்டும். உட்காரும் எலும்புக்கு நேர் கீழே விரல்கள் வந்ததும் விரல் நுனிகளை மேல்நோக்கி மெல்ல அழுத்துங்கள். குஷன் சரியாக இருந்தால் விரலுக்கு மேலே ஒரு திடமான, ஆனால் இடம் கொடுக்கும் பொருள் தெரியும். எலும்பு தூரத்தில் இருக்கும், அதன் உருவம் தெரியாது. தரைதட்டிய குஷனில் விரலை அழுத்த முடியாது. மேலே ஒரு உருண்டை முட்டி நேராகக் கையில் வந்து உட்காரும், விரல் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கி வலிக்கும். ஒரு முறை இந்த வித்தியாசத்தை விரல் உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டு வளைந்தவர்கள், ஒரு பக்கம் சாய்ந்து உட்காருபவர்களுக்கு ஒரு பக்கம் தேறி மறுபக்கம் தரைதட்டுவது மிகச் சாதாரணம். வால் எலும்பின் கீழும் ஒரு முறை பாருங்கள். அங்கே எடை வருகிறது என்றால் ஆள் முன்னால் வழுக்கி, இடுப்பைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

நேராக உட்கார்ந்து தேறிய குஷனை அங்கேயே விட்டுவிடக் கூடாது. அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள், இடமும் வலமும் ஒரு பொருளை எட்டி எடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிலையிலும் கையை வைத்தே பாருங்கள். சக்கரத்தைத் தள்ளும்போதும், மேசையில் கை நீட்டும்போதும், படி இறக்கத்தில் குலுங்கும்போதும் சுமை கூடும். அடியில் 2.5 செ.மீ. மிச்சம் வேண்டும் என்பது இந்தக் கூடுதல் சுமைக்காகத்தான்.

காற்றறை குஷனுக்குக் கை வைக்கும் இடம் வேறு. அதை அதற்குரிய பகுதியில் சொல்கிறோம்.

காற்றறை: சரியாக வைத்தால் இதற்கு ஈடில்லை, தவறினால் இதைவிட ஆபத்தில்லை

முட்டைத் தட்டைக் கவிழ்த்தது போல வரிசை வரிசையாக ரப்பர் அறைகள், அடியில் ஒன்றோடொன்று இணைந்த காற்றுப் பாதை. இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர் ரோஹோ. அறைகள் நியோப்ரீன் ரப்பரால் ஆனவை. உயரத்துக்கேற்ப வகைகள் உண்டு: தாழ்ந்ததில் அறை சுமார் 5 செ.மீ., உயர்ந்ததில் சுமார் 10 செ.மீ. மேலே சொன்ன 6.5 கணக்கை வைத்துப் பார்த்தால், புண் வரும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கு உயர்ந்த வகையைப் பரிந்துரைப்பதன் காரணம் புரியும்.

உட்காரும்போது ஒரு அறையிலிருந்து காற்று பக்கத்து அறைக்கு நகர்கிறது. எலும்பு இறங்கும் இடம் இறங்கிக்கொடுக்கிறது, தொடைக்கு அடியில் எழுந்து தாங்குகிறது. ஒவ்வொரு அறையும் தனியாக வளைவதால் தோலை இழுக்கும் உராய்வும் குறைகிறது. எலும்பு உள்ளே அமிழ்தல், குஷன் உடலின் வடிவத்துக்கு ஏற்பத் தழுவுதல் இரண்டிலும் இந்த நான்கில் இதுவே முதலிடம். எடையும் குறைவு.

ஆனால் இதன் தரம் முழுவதும் உள்ளே இருக்கும் காற்றின் அளவில் இருக்கிறது. காற்று அளவை வைக்கும் முறை இது. பம்பை வால்வில் செருகி, வால்வை இடப்புறம் திருப்பித் திறந்து, குஷன் நடுவில் லேசாக மேல்நோக்கி வளையும் வரை, அதாவது தேவைக்கு மேலாகவே, காற்றடியுங்கள். வால்வை மூடிவிட்டுப் பம்பைக் கழற்றுங்கள். அறைகள் மேலே பார்க்க, நாற்காலியின் நடுவில் குஷனை வைத்து ஆளை உட்கார வையுங்கள். இப்போது கையை அறைகளுக்கும் புட்டத்துக்கும் நடுவே நுழைக்க வேண்டும். அந்தப் பக்கத் தொடையைச் சற்றுத் தூக்கினால் எலும்பின் தாழ்ந்த முனை எளிதாகக் கிடைக்கும். கிடைத்ததும் தொடையை இறக்கிவிட்டு, கையை எடுக்காமல், மறுகையால் வால்வைத் திறந்து காற்றை விடுங்கள். எலும்பு கீழே இறங்குவது கையில் தெரியும். எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் நடுவே, இந்த வகைக்குரிய 1.5 முதல் 2.5 செ.மீ. இருக்கும்போது விரல் நுனிகளைச் சற்றே அசைக்க முடியும், அதற்கு மேல் முடியாது. அந்த இடத்தில் வால்வை மூடிவிடுங்கள். மறுபக்க எலும்பையும் பார்த்து, எது தாழ்வோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு பகுதிகளாகப் பிரித்த குவாட்ரோ செலக்ட் போன்ற வகையில் முன்பக்கம் ஒரு கட்டுப்பாட்டுக் குமிழ் இருக்கும். பச்சை நிறப் பக்கத்தை அழுத்தினால் நான்கு பகுதிகளுக்கும் நடுவே காற்று ஓடும், சிவப்பை அழுத்தினால் அந்தந்தப் பகுதியில் காற்று நின்றுவிடும். காற்றைச் சரிசெய்யும்போது பச்சையில் இருக்க வேண்டும். ஆளை நேராக உட்கார வைத்து, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிந்தவரை சரிப்படுத்திய பிறகுதான் சிவப்பு. சிவப்பில் வைத்துவிட்டு வால்வைத் திறந்தால் எல்லாப் பகுதியிலிருந்தும் காற்று ஒரே சீராக வெளியேறாது. "காற்று விட்டேன், ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு காற்று குறைவது என்று நினைப்பீர்கள். அதிகமாக அடிப்பதும் அதே அளவு நடக்கிறது. உருட்டி நிறைத்த குஷனைப் பார்த்தால் நல்ல தாங்கல் போலத் தோன்றும். உண்மையில் ஆள் அமிழாமல் அறைகளின் உச்சியில் மிதக்கிறார். எடை மறுபடி எலும்பு முனைகளிலேயே குவிகிறது, உடலும் தள்ளாடுகிறது. உடல் தள்ளாடுகிறது என்ற புகார் வந்தால் முதலில் காற்று அதிகமா என்று பாருங்கள். குஷனையே குறை சொல்வது அப்புறம்.

வாகனத்தில் மலை ஏறினாலும் விமானத்தில் போனாலும் உள்ளே இருக்கும் காற்று விரியும். உயரம் சுமார் 300 மீட்டர் மாறினாலே மறுபடி கை வைத்துப் பார்க்க வேண்டும். மேலே ஏறிய இடத்தில் காற்றைக் குறைத்துவிட்டு, கீழே இறங்கிய பிறகு நிரப்ப மறந்தால் அன்றே தரைதட்டும். குளிரிலிருந்து வெயிலுக்கு வந்தாலும் இதே கதைதான். அதனால் தினம் ஒரு முறையாவது கை வைத்துப் பார்ப்பது இந்த வகைக்குக் கட்டாயம்.

கசிவு சந்தேகம் இருந்தால் உறையைக் கழற்றி, வால்வை மூடி, நன்றாகக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் குறித்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுத்துண்டு போடலாம். ஊசி, பாதுகாப்புப் பின், வீட்டுப் பூனையின் நகம், சூடான ஹீட்டரின் பக்கம் ஆகியவைதான் இதற்கு எதிரிகள். எண்ணெய் கலந்த களிம்பும் லோஷனும் ரப்பரைக் கெடுக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

எங்கள் மதிப்பீடு: ஆபத்து அதிகம் உள்ளவருக்கு, தினமும் சோதிக்க ஒருவர் உறுதியாக இருந்தால், இதுவே முதல் தேர்வு. சோதிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு, எவ்வளவு குறைந்த விலையில் கிடைத்தாலும், இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஜெல்: நம்பகமான இரண்டாமிடம்

பொதுவாக அடியில் குழிவாக வெட்டிய கெட்டி ஃபோம், அதன் மேல் எலும்பு வரும் இடத்தில் திரவ ஜெல் பை. ஜே (Jay) என்ற பிராண்டு பெயரில் வருபவை இந்த அமைப்பில் பரவலாகத் தெரிந்தவை. அடித்தளம் கெட்டியாக இருப்பதால் இடுப்பு நிலையாக நிற்கிறது. ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் காற்று குஷனைவிட எளிது. ஜெல் முதலில் உடல் சூட்டை வாங்கிக் குளிர்ச்சியாக இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதுவும் சூடாகிவிடும், எனவே அந்தக் குளிர்ச்சியை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

இதன் குறை திரவம் ஒதுங்குவது. நாள் முழுக்க எடை இறங்கும் இடத்திலிருந்து ஜெல் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு, எலும்புக்கு அடியில் பையின் இரண்டு பிளாஸ்டிக் தோலும் ஒட்டிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் குஷன் முழுக்கக் கொழகொழவென்றுதான் இருக்கும், எலும்புக்குக் கீழே மட்டும் ஒன்றும் இருக்காது. தினமும் காலையில் உறையைத் திறந்து, சப்பாத்தி மாவு பிசைவது போலப் பிசைந்து, ஜெல்லை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பையை மடக்கும்போது ஓரத்தில் வெடிப்பு, ஈரப் பிசுபிசுப்பு தெரிந்தால் பையை மாற்றுங்கள். குளிர்ந்த இடத்தில் இரவு முழுக்கக் கிடந்த ஜெல் கெட்டியாக இருக்கும், அதில் நேராக உட்காரக் கூடாது. எடை அதிகம் என்பதால் வீல்சேரைக் காரில் தூக்கிவைப்பவருக்கு இது ஒரு கூடுதல் சுமை.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் முக்கியம்: இந்த வகையில் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. குழிவு பின்னால் வர வேண்டும். உறையைத் துவைத்துப் போடும்போது திருப்பிப் போட்டுவிட்டால் குழிவு தொடைக்குக் கீழே போய், எலும்பு மேட்டில் உட்காரும்.

ஃபோம்: புதிதாக இருக்கும்போது நல்லது, ஆனால் பழசாவது கண்ணுக்குத் தெரியாது

எடை குறைவு, விலை குறைவு, கசிவு கிடையாது, வேண்டிய வடிவில் வெட்டலாம். அடியில் கெட்டி, நடுவில் மிதம், மேலே மெமரி ஃபோம் என்று அடுக்கிச் செய்த, குழிவு வெட்டிய ஃபோம் குஷன் நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு நியாயமான தேர்வு. மெமரி ஃபோம் மட்டும் முழு உயரத்துக்கும் இருந்தால் வாங்க வேண்டாம். அது உடல் சூட்டில் மெல்ல இளகி அடிவரை போய்விடும், குளிரில் பலகை போல இருக்கும்.

பிரச்சினை தேய்மானம். ஃபோமின் நுண்ணறைகள் உடைந்துகொண்டே வரும், வெளியிலிருந்து பார்த்தால் உயரம் குறையாதது போலவே இருக்கும். உறையை முழுக்கக் கழற்றிச் சமதளமான மேசையில் வையுங்கள். ஒரு நீள அடிக்கோலை ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் படுக்கவைத்து, எலும்பு வரும் இடத்தில் கோலுக்கும் ஃபோமுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அளந்துகொள்ளுங்கள். புதிதாக வாங்கிய அன்றே இதே அளவை எடுத்துக் குறித்துவைத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு இரவு முழுக்க ஆளில்லாமல் கிடந்த பிறகும் பள்ளம் முன்பைவிட ஒரு செ.மீ. ஆழமாகியிருந்தால், எங்கள் கணக்கில் அந்த குஷன் முடிந்தது. முஷ்டியை அழுத்தி எடுத்தால் தடம் நெடுநேரம் நின்றாலும் சரி, ஓரத்தைத் தேய்த்தால் மஞ்சள் பொடி உதிர்ந்தாலும் சரி, அளக்கவே வேண்டாம். சிறுநீர் ஊறிய ஃபோமைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதும் வேண்டாம். உள்ளே ஈரம் போகாது, தாங்கும் தன்மையும் திரும்பாது.

தேன்கூடு

தெர்மோபிளாஸ்டிக் தேன்கூட்டு அமைப்பு. காற்று ஓடும், ஈரம் தங்காது, மொத்த குஷனையும் கழுவலாம். அடிக்கடி வியர்ப்பவர், சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாதவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் தொட்டால் கெட்டி, அமிழ்தல் காற்றறையைவிடக் குறைவு. எலும்பு துருத்திய, சதை வற்றியவருக்குக் கை வைத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பயன்படுத்தப் பயன்படுத்தச் சுவர்கள் மடிந்து நிரந்தரமாகச் சாய்ந்துவிடும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பகுதி இருண்டு தெரியும்.

நடுவில் ஓட்டை வைத்த வளைய குஷனை இந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. புண் உள்ள இடத்துக்கு "காலி இடம்" கொடுக்கும் என்று இன்னமும் விற்கிறார்கள். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள சதையை நெரித்து நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அழுத்தப் புண் தடுப்புக்கான சர்வதேச வழிகாட்டி நெறிமுறைகளும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன.

நல்ல குஷனைக் கெடுப்பவை

தரைதட்டுகிறது என்றதும் குஷனைத் தூக்கிப்போட வேண்டாம். முதலில் அடியில் பாருங்கள். மடக்கு வீல்சேரின் துணி சீட் நாளாக நாளாக ஊஞ்சல் போலத் தொய்ந்துவிடும். அதன் மேல் எந்த குஷனை வைத்தாலும் நடுவில் வளைந்து, தொடைகளை உள்ளே தள்ளி, இடுப்பை ஒரு பக்கம் சாய்க்கும். குஷனுக்கு அடியில் சீட்டின் அளவுக்கு வெட்டிய கெட்டிப் பலகை ஒன்று போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது மேலே போடுபவை. காற்றறையும் ஜெல்லும் வேலை செய்வது இளகும் தன்மையால். அதன் மேல் இறுக்கமான உறை, நான்காக மடித்த துண்டு, தடித்த நாப்கின், பிளாஸ்டிக் விரிப்பு என்று அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு தோல் போல விறைத்து நிற்கும், எலும்பு அமிழவே அமிழாது. சோதனையை இவற்றோடும் ஒரு முறை, இவை இல்லாமலும் ஒரு முறை செய்து பாருங்கள், விரலுக்கே வித்தியாசம் தெரியும். கம்பெனி கொடுத்த நான்குபக்கம் இழுபடும் உறை, அதன் மேல் அதிகபட்சம் ஒரு மெல்லிய விரிப்பு. ஆளைத் தூக்கும் எந்திரத்தின் ஸ்லிங் துணியை அடியிலேயே விட்டுவைப்பதும் இதே தவறு. ஜீன்ஸின் பின்பாக்கெட் தையல், அதிலுள்ள உலோகப் பொத்தான், பர்ஸ், மடங்கிய கேத்திட்டர் குழாய் ஆகியவை குஷனின் எல்லா நன்மையையும் ஒரு புள்ளியில் அழித்துவிடும்.

மூன்றாவது, ஃபுட்ரெஸ்ட். இதை யாரும் யோசிப்பதில்லை. 5 செ.மீ. குஷனை எடுத்துவிட்டு 10 செ.மீ. குஷன் வைத்தால் ஆள் உயர்ந்துவிடுகிறார், கால் தொங்குகிறது, காலை எட்டவைக்க முன்னால் வழுக்குகிறார், வால் எலும்பில் உட்காருகிறார். மறுதலையாக, ஃபுட்ரெஸ்ட் மிக உயரமாக இருந்தால் முட்டி மேலெழும்பி, தொடை குஷனைவிட்டு விலகி, மொத்த எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும். முட்டிக்குப் பின்னால் உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள்: இறுக்கமாகவும் இல்லாமல், கை சும்மா ஓடும்படியாகவும் இல்லாமல், லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். குஷனின் முன்விளிம்புக்கும் முட்டியின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஆர்ம்ரெஸ்ட்டையும் புதிய உயரத்துக்கு ஏற்ப ஏற்றுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து அந்தப் பக்க எலும்பு சுமை தாங்கும்.

தோல்தான் கடைசித் தீர்ப்பு

மருத்துவமனை சீட்டிங் பிரிவுகளில் அழுத்த வரைபடப் பாய் இருக்கும். உணரிகள் பதித்த பாயை குஷனின் மேல் விரித்து உட்கார வைத்தால் திரையில் சிவப்பும் நீலமுமாகப் படம் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று குஷன்களை ஒப்பிட இது மிக நல்ல கருவி. ஆனால் உராய்வையும் ஆழச் சதை நசுங்குவதையும் அது காட்டாது, பாயே விறைப்பாக நின்று அமிழ்தலைக் குறைக்கவும் கூடும். நிறம் நன்றாக வந்துவிட்டது என்பதற்காகக் கை சோதனையை விட்டுவிடாதீர்கள்.

புதிய குஷனில் முதல் நாள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மட்டும் உட்கார வையுங்கள். பிறகு படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில், இரண்டு உட்காரும் எலும்பு, வால் எலும்பு, தொடை மேடுகள் ஆகிய எல்லா இடங்களையும் பாருங்கள். தனியாக இருப்பவருக்கு நீளப் பிடி கண்ணாடியோ கைப்பேசிப் படமோ உதவும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காத சிவப்பும், அரை மணி நேரம் ஆகியும் மறையாத சிவப்பும் குஷன் தேறவில்லை என்பதற்கு அடையாளம். நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சுற்றியுள்ள தோலைவிடக் கருமை அல்லது ஊதா கூடியிருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, அழுத்தினால் கெட்டியாகவோ சேறு போலக் குழைவாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். தோல் தெளிவாக இருந்தால் மறுநாள் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

எந்த குஷனும் எடை இறக்குவதற்கு மாற்று இல்லை. கைகளை ஊன்றிப் பத்து விநாடி எழும்பி உட்காருவது போதாது, நசுங்கிய சதைக்கு ஆக்சிஜன் திரும்பச் சுமார் இரண்டு நிமிடம் தேவைப்படுகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. அவ்வளவு நேரம் கையூன்றி எழும்பி நிற்கத் தோளால் முடியாது. மார்பு தொடையை நோக்கி வரும்படி முன்னால் குனிவது, மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்வது, பக்கவாட்டில் சாய்வது ஆகியவை தோளையும் காக்கும், இரண்டு நிமிடமும் தாக்குப்பிடிக்கும். சாயும் நாற்காலியானால் லேசாகச் சாய்த்தால் பயனில்லை, 30 பாகைக்கு மேல் போக வேண்டும்.

வாங்கிய தேதியையும் முதல் நாள் எடுத்த அளவையும் குஷனின் அடிப்பக்கம் அழியாத மையில் எழுதிவையுங்கள், முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியும் போடுங்கள். காற்றறைக்குத் தினமும், ஜெல்லுக்குத் தினம் பிசைந்து வாரம் ஒரு முறை, ஃபோமுக்கும் தேன்கூட்டுக்கும் மாதம் ஒரு முறை கை சோதனை. இவை போக, ஆளின் எடை கூடினாலோ குறைந்தாலோ, நாற்காலி மாறினாலோ, காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ அன்றே ஒரு முறை. தரைதட்டியது உறுதியானால் புது குஷன் வரும் வரை ஆளைக் கட்டிலுக்கு மாற்றுங்கள், இரண்டு பழைய குஷன்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். உயரம் கூடி நிலை தடுமாறி, கீழே உள்ளது வழுக்கி, புண்ணோடு விழுந்த காயமும் சேர்ந்துகொள்ளும்.